வாங்கிய கையா, கொடுத்த கையா?

வாசகர் கேள்வி – பதில்

உருது பேசுகிறவர்களுக்குக் கடையிலும் வீட்டிலும் ஆங்கிலம் சொல்லித்தரும் நம் தென்னாப்பிரிக்க வாசகர்கள் பணத்தைப் பற்றி அனுப்பிய கேள்விகள் இவை. ஆங்கிலச் சொற்களையும் உருதுச் சொற்களையும் காதில் விழுகிறபடியே தமிழில் எழுதியிருக்கிறோம்.

*

கேள்வி: கிரே ஸ்ட்ரீட் பக்கம் கைப்பேசிக் கடை வைத்திருக்கிறோம். லாகூரிலிருந்து வந்த இரண்டு பையன்கள் வேலை பார்க்கிறார்கள். ரிப்பேர் வேலையில் கெட்டிக்காரர்கள். கல்லாவில் நிறுத்தினால்தான் தடுமாறுகிறார்கள். பணம் சம்பந்தப்பட்ட ஆங்கிலத்தை எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, டர்பன்

பதில்: சொற்பட்டியல் எழுதிக் கையில் கொடுக்காதீர்கள் அம்மா. பணத்தைப் பற்றிய சொல் எதுவானாலும் அது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகிற வழியைத்தான் சொல்கிறது. யார் கையை விட்டு யார் கைக்கு வந்தது என்று கண்ணால் பார்த்துவிட்டால் சொல் மனதில் நின்றுவிடும். கல்லாவைத் திறந்து வைத்துக்கொண்டே பாடத்தை நடத்துங்கள்.

காலையில் முதல் சொல் 'ஃப்ளோட்'. அன்றைய வியாபாரத்துக்கு முன்பே கல்லாவில் போட்டுவைக்கும் சில்லறை அது. 500 ராண்ட் ஃப்ளோட் என்றால் இருபது ராண்ட் நோட்டு 10, பத்து ராண்ட் நோட்டு 15, ஐந்து ராண்ட் காசு 20, இரண்டு ராண்ட் காசு 15, ஒரு ராண்ட் காசு 20. இதை அவர்களே வாய்விட்டு எண்ணிப் போடட்டும். பத்து நாளில் எண்கள் நாக்கில் ஏறிவிடும். 'ஃபிஃப்டி ராண்ட்' என்றுதான் சொல்ல வேண்டும், 'ராண்ட்ஸ்' வேண்டாம். ஆனால் 'ஃபிஃப்டி சென்ட்ஸ்' என்பதில் அந்த 'ஸ்' வரும்.

அடுத்தது 'சேஞ்ச்'. உருதுவில் சில்லறைக்கு 'குலே பைஸே' என்பார்கள், திறந்த பணம் என்று பொருள். அதை அப்படியே பெயர்த்து 'ஓப்பன் மணி' என்று கேட்டால் யாருக்கும் விளங்காது. 'லூஸ் சேஞ்ச்' என்று கேட்கப் பழக்குங்கள். நூறு ராண்ட் நோட்டை மாற்ற 'கேன் யூ பிரேக் எ ஹண்ட்ரட்?' என்று வாடிக்கையாளர் கேட்பார். இதில் அவர்களுக்குச் சிரமமே இருக்காது, உருதுவிலும் நோட்டை 'உடைக்கத்தான்' செய்கிறார்கள்.

பாக்கிச் சில்லறையைக் கழித்துக் கொடுக்க வைக்காதீர்கள். கூட்டிக் கொடுக்க வையுங்கள். பொருள் 185 ராண்ட், கொடுத்தது 200. ஐந்து ராண்ட் காசை வைத்து 'ஒன் நைன்ட்டி', பத்து ராண்ட் நோட்டை வைத்து 'டூ ஹண்ட்ரட்' என்று சொல்லி முடிக்கட்டும். கணக்கும் தப்பாது, வாடிக்கையாளரும் கூடவே எண்ணிக்கொள்வார். கல்லாவில் பத்து ராண்ட் நோட்டு தீர்ந்துவிட்டதா? 'ஹேவ் யூ காட் ஃபைவ் ராண்ட்?' என்று கேட்டு வாங்கிக்கொண்டு இருபதாகத் திருப்பித் தரலாம்.

19 ராண்ட் 99 சென்ட் விலை என்றால் ரொக்கத்துக்கு 19.90தான் வாங்க வேண்டும். ஒரு சென்ட், இரண்டு சென்ட் காசு அடிப்பதை 2002இலும், ஐந்து சென்ட் அடிப்பதை 2012இலும் நிறுத்திவிட்டார்கள். அதனால் கீழே உள்ள பத்து சென்ட்டுக்கு இறக்கிக் கொள்கிறோம். அட்டையில் கட்டினால் 19.99 முழுதும் போகும். புதிதாக வந்தவர் இதைத் தன் தவறு என்று நினைத்துப் பயந்துவிடுவார். முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

அட்டையை நீட்டினால் கேட்க வேண்டியது, 'செக் ஆர் சேவிங்ஸ்?'. காசோலையே இந்த நாட்டில் 2020 டிசம்பர் 31உடன் முடிந்துபோனது. கணக்கின் பெயர் மட்டும் 'செக் அக்கவுண்ட்' என்று நின்றுவிட்டது. காசோலை எங்கே என்று பையன் தேடாமல் இருக்க இதையும் விளக்குங்கள். ரசீதுக்கு இங்கே 'ஸ்லிப்'. உருது நாக்கு சொல்லின் தொடக்கத்தில் ஓர் இகரத்தைச் சேர்த்து 'இஸ்லிப்' என்று சொல்லக்கூடும். பஞ்சாபி நாக்கு 'சலிப்' என்று நடுவே பிரிக்கும். 'ஸ்ஸ்ஸ்' என்று நீட்டிவிட்டு 'லிப்' என்று முடிக்கச் சொன்னால் ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.

சாயங்காலம் 'கேஷ்-அப்', அதாவது கல்லாவை எண்ணிச் சரிபார்ப்பது. கல்லாவில் 4,370 ராண்ட் இருக்கிறது, ஃப்ளோட் 500 போக 3,870. மிஷின் சொல்வது 3,905. 'வி ஆர் தர்ட்டி ஃபைவ் ஷார்ட்'. இந்த 35 என்ற எண்ணைக் கவனியுங்கள். 'ஃபிஃப்டீ'னுக்கும் 'ஃபிஃப்டி'க்கும் உள்ள வித்தியாசம் சரியாக 35. பதினைந்து கொடுக்க வேண்டிய இடத்தில் ஐம்பது போயிருக்கிறது. 17 குறைந்தால் பதின்மூன்றும் முப்பதும், 26 குறைந்தால் பதினான்கும் நாற்பதும் குழம்பியிருக்கும் என்று முதலில் பாருங்கள். குறைவது ஒன்பதால் வகுபடும் எண்ணாக இருந்தால், 63ஐ 36 என்று இலக்கம் மாற்றித் தட்டியிருக்க வாய்ப்பு அதிகம். 'டீன்' வருகிற எண்ணில் கடைசிப் பாதியை அழுத்தி நீட்ட வேண்டும். 'டி' வருவதில் முதல் பாதியை அழுத்தி, கடைசியைச் சட்டென்று விட வேண்டும். சந்தேகம் வந்தால் 'ஒன் ஃபைவ் ஆர் ஃபைவ் ஸீரோ?' என்று திருப்பிக் கேட்பதில் வெட்கமே வேண்டாம் என்று சொல்லுங்கள். காது பழகாததால் காசு குறைந்த பையனைத் திருடன் என்று நினைக்கும் கொடுமை நம் கடைகளில் நடக்கக் கூடாது.

*

கேள்வி: 'பாரோ', 'லெண்ட்' இரண்டையும் எத்தனை முறை சொல்லிக்கொடுத்தாலும் மாற்றியே பேசுகிறார்கள். ஏன்?
– வாசகர், லெனேசியா

பதில்: உருதுவில் 'உதார்' என்ற ஒரே சொல்தான் இரண்டுக்கும். 'உதார் லேனா' வாங்குவது, 'உதார் தேனா' கொடுப்பது. நம் கடனும் அப்படித்தான்: கடன் வாங்கு, கடன் கொடு. பெயர் ஒன்று, வினை மாறும். ஆங்கிலத்தில் வினையே இரண்டு. போதாக்குறைக்கு இந்த ஊரில் 'பாரோ மி டென் ராண்ட்' என்று உள்ளூர்க்காரரே கேட்பார்கள். ஆஃப்ரிகான்ஸில் 'லீன்' என்ற ஒரு சொல் இரண்டு பக்கமும் போகும், அந்தப் பழக்கம் ஆங்கிலத்திலும் ஒட்டியிருக்கிறது. ஆகவே காதில் விழுவதைப் புரிந்துகொள்ளட்டும், வாயில் சரியானது வரட்டும்.

ஒரு நோட்டை எடுத்து உங்கள் கையிலிருந்து அவர் கைக்குக் கொடுங்கள். 'ஐ லெண்ட், யூ பாரோ.' திரும்ப வாங்குங்கள். 'யூ பே பேக்.' கையை மாற்றிக்கொண்டு பத்து முறை. கூடவே 'ஐ ஓ யூ' என்பதையும் சேர்த்துவிடுங்கள். யார் யாருக்குத் தர வேண்டும் என்பதில்தான் சண்டை வருகிறது.

இதே போல ஒரு சொல் பலவாகப் பிரியும் இன்னொரு இடம் 'கிராயா'. வீட்டுக்குக் கொடுத்தாலும் கிராயா, டாக்சிக்குக் கொடுத்தாலும் கிராயா, கல்யாணத்துக்கு நாற்காலி எடுத்தாலும் கிராயா. ஆங்கிலத்தில் வீட்டுக்கு 'ரெண்ட்', டாக்சிக்கு 'ஃபேர்', நாற்காலிக்கு 'ஹையர்'. டாக்டருக்கும் பள்ளிக்கும் 'ஃபீஸ்', மரியன்ஹில் சுங்கச் சாவடியில் 'டோல்'. டாக்சியில் ஏறி 'ஹவ் மச் இஸ் த ரெண்ட்?' என்று கேட்டவரை யாரும் ஏமாற்றிவிட மாட்டார்கள். ஆனால் ஊருக்குப் புதியவர் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

நம்மவர்களும் தவறுவது ஓர் இடத்தில்: வீட்டு 'அட்வான்ஸ்'. இங்கே வீட்டுக்காரரிடம் கட்டுவது 'டெபாசிட்'. 'அட்வான்ஸ்' என்றால் மாதம் முடியும் முன் முதலாளியிடம் வாங்கும் சம்பள முன்பணம். வீடு பார்க்கப் போய் 'அட்வான்ஸ்' என்றால் முதல் மாத வாடகையை முன்கூட்டிக் கொடுக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

*

கேள்வி: எனக்கு உருது ஓர் எழுத்தும் தெரியாது. தமிழை வைத்துக்கொண்டு அவர்களுக்கு எப்படி விளக்குவது?
– வாசகி, ஃபீனிக்ஸ்

பதில்: உங்களுக்குத் தெரிந்த உருது நிறையவே இருக்கிறது. ரசீது, பாக்கி, வசூல், ஜாமீன், ஜப்தி, கிஸ்தி, இனாம் எல்லாம் அரபு, பாரசீகத்திலிருந்து அந்த வழியாக நமக்கு வந்தவை. சொல்லிப் பாருங்கள், அவர்கள் முகம் மலரும். ஆனால் வந்த இடத்தில் சில பொருள் மாறிவிட்டன. நமக்கு 'மாமூல்' என்றால் கையூட்டு என்றும் ஆகிவிட்டது. அவர்களுக்கு அது வழக்கமான நடைமுறை, அவ்வளவே. நமக்குச் 'சராசரி' ஒரு கணக்கு. அவர்களுக்கு மேலோட்டமாகப் பார்ப்பது.

'பாக்கி'யில் மட்டும் இரு பக்கமும் கவனம் வேண்டும். மீதிச் சில்லறையும் பாக்கி, கொடுக்க வேண்டியதும் பாக்கி என்று இரண்டு மொழியிலும் சொல்கிறோம். ஆங்கிலத்தில் கடைக்காரர் திருப்பித் தருவது 'சேஞ்ச்'. நீங்கள் இன்னும் தர வேண்டியது 'பேலன்ஸ்'. கடையில் நின்று 'கிவ் மி த பேலன்ஸ்' என்றால், யாரோ உங்களுக்குக் கடன்பட்டிருப்பது போல ஒலிக்கும்.

இன்னொன்று, பாடத்தைத் தமிழ் எழுத்தில் எழுதிக் காட்டாதீர்கள். நம் 'ப' ஒன்றே ரசீதான 'பில்'லுக்கும் மாத்திரையான 'பில்'லுக்கும். அவர்கள் எழுத்தில் இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து உண்டு, அந்தக் குழப்பமே இல்லை. அவர்களுக்குச் சிக்கல் 'வி'க்கும் 'டபிள்யூ'வுக்கும் நடுவே. இரண்டுக்கும் 'வாவ்' என்று ஒரே எழுத்து. 'வாட்' வரியைச் சொல்லும்போது மேல் பல் கீழ் உதட்டைத் தொட வேண்டும். உதடு குவிந்தால் 'என்ன?' என்று கேட்பது போலாகிவிடும்.

*

கேள்வி: 'டாய் லாக்' என்கிறார் எங்கள் வியாபாரப் பங்குதாரர். எவ்வளவு அது?
– வாசகர், ஃபோர்ட்ஸ்பர்க்

பதில்: இரண்டரை லட்சம். உருதுவில் கால், அரைக்குத் தனிச் சொற்கள் உண்டு: 'டேட்' ஒன்றரை, 'டாய்' இரண்டரை, 'சவா' என்றால் கால் கூடுதல், 'பௌனே' என்றால் கால் குறைய. 'சவா லாக்' 1,25,000. லட்சமும் கோடியும் இங்கே செல்லாது என்பதால் 'டூ ஹண்ட்ரட் அண்ட் ஃபிஃப்டி தவுசண்ட்' என்று சொல்லப் பழக வேண்டும். பேச்சில் 'டூ ஃபிஃப்டி கே' என்பார்கள். ஆயிரத்துக்கு 'கிராண்ட்', ராண்டுக்கு 'பக்ஸ்'.

எழுத்தில்தான் ஆபத்து அதிகம். நம் ஊர்ப் பழக்கத்தில் கால்புள்ளி ஆயிரத்தைப் பிரிக்கும். தென்னாப்பிரிக்க அரசாங்கத் தாள்களில் கால்புள்ளிக்குப் பின்னால் வருவது சென்ட். ஆயிரத்தைப் பிரிக்க இடைவெளி விடுவார்கள். கடைகளில் இரண்டு முறையும் கலந்து கிடக்கிறது. கால்புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் இருந்தால் சென்ட், மூன்று இருந்தால் ஆயிரம் என்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்து என்றால் எழுத்தாலும் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

*

கேள்வி: ஆங்கில 'கேஷ்' நம் 'காசு'தானே?
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: பாதி உண்மை. சீனா, இந்தியா பக்கத்துச் சின்ன நாணயங்களை வெள்ளைக்காரர் 'கேஷ்' என்று எழுதினார்களே, அது போர்த்துகீசியர் வாய் வழியாகப் போன நம் காசு. ரொக்கம் என்ற பொருளில் இன்று வழங்கும் 'கேஷ்' வேறு. பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. இரண்டும் ஒரே வடிவத்தில் வந்து சேர்ந்துவிட்டன.

*

கேள்வி: மரபுத்தொடர்களைச் சொல்லித்தரும்போது சொல்லுக்குச் சொல் உருதுவில் பெயர்த்துப் பார்க்கிறார்கள், பொருள் எங்கோ போய்விடுகிறது. எந்தத் தொடர்களில் எச்சரிக்கை வேண்டும்?
– ஆசிரியை, சாட்ஸ்வர்த்

பதில்: உடம்பைச் சொல்லும் தொடர்களில்தான் முதல் எச்சரிக்கை. 'டைட்டன் யுவர் பெல்ட்' என்பதைக் கேட்டதும் அவர்களுக்கு நினைவு வருவது 'கமர் கஸ்னா', இடுப்பைக் கட்டுவது. அது வேலைக்குத் தயாராவது. நாமும் வரிந்து கட்டிக்கொண்டு கிளம்புகிறோம் என்றுதான் நினைப்போம். ஆங்கிலத்தில் அது செலவைக் குறைப்பது. முதலாளி 'வி மஸ்ட் டைட்டன் அவர் பெல்ட்ஸ்' என்றால் ஓவர்டைம் கிடைக்காது என்று பொருள். மும்முரமாக வேலை வரப்போகிறது என்று மகிழ்ந்துவிடக் கூடாது. நம் 'வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி'தான் இதற்குச் சரியான ஜோடி.

அடுத்தது மூக்கு. உருதுவில் 'நாக் கட்னா' மானம் போவது. நாமும் மூக்கறுபட்டான் என்கிறோம். 'ஐ பெய்ட் த்ரூ த நோஸ்' என்பதில் மானமே கிடையாது, அநியாய விலை கொடுத்தேன் என்பது மட்டும்தான். 'ஆர்ம் அண்ட் எ லெக்' என்றாலும் அதே அநியாய விலைதான். 'ஃபுட் த பில்' என்பதில் வரும் கால், ரசீதின் அடிப்பகுதி. மொத்தத் தொகை எழுதியிருக்கும் இடம். அதைத் தன் தலையில் போட்டுக்கொள்பவர் 'ஃபுட்' செய்கிறார்.

மழையும் அப்படித்தான். 'சேவ் ஃபார் எ ரெய்னி டே' என்றால் அவர்களுக்கும் நமக்கும் வியப்பாக இருக்கும். வெயிலில் வெந்த ஊர்களில் மழை என்றால் வரம், அதற்கு ஏன் பணம் சேர்க்க வேண்டும்? மழை வந்தால் கூலிவேலை நின்றுபோகும் ஒருவரை நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், உடனே பிடிபடும்.

'இன் த ரெட்', 'இன் த பிளாக்' என்பவை பேரேட்டு மையின் நிறம். நஷ்டத்தைச் சிவப்பில் எழுதினார்கள். நம் வீடுகளில் சிவப்பு மங்கலம், கறுப்பு ஆகாது. உருது பேசும் வீட்டுக் கல்யாணத்திலும் மணப்பெண்ணுக்குச் சிவப்புதான். ஆகவே மனம் தலைகீழாகப் புரிந்துகொள்ளும். ஒரு கணக்குத் தாளைக் காட்டிவிடுவது நல்லது.

'பென்னி வைஸ், பவுண்ட் ஃபூலிஷ்' இன்னும் புழங்குகிறது. ஒரு பவுண்டுக்கு 240 பென்னி இருந்த காலத்துத் தொடர். இங்கே 1961 பிப்ரவரி 14இல் பவுண்ட் போய் ராண்ட் வந்தது, ஒரு பவுண்டுக்கு இரண்டு ராண்ட். மூன்று பென்னிக் காசை 'டிக்கி' என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

நேராகப் பொருந்துகிற தொடரை முதலில் கொடுத்தால் நம்பிக்கை வரும். 'கட் யுவர் கோட் அக்கார்டிங் டு யுவர் கிளாத்' என்பதற்கு உருதுவில் 'சாதர் தேக் கர் பாவ் பைலானா', போர்வையைப் பார்த்துக் காலை நீட்டுவது. நமக்கு விரலுக்குத் தகுந்த வீக்கம். துணி, போர்வை, விரல் என்று பொருள் மாறினாலும் கணக்கு ஒன்றே.

ஒன்றை மட்டும் வாயால் சொல்ல வேண்டாம், காதால் அறிந்துகொண்டால் போதும்: 'கூல்டிரிங்க் மணி'. சாலையில் நிறுத்திய ஒருவர் 'சம்திங் ஃபார் கூல்டிரிங்க்?' என்றால் தாகம் இல்லை, லஞ்சம். 'சாய் பானி' என்று ஒரே சொல்லில் விளங்கவைத்துவிடலாம். பதிலுக்கு 'பிளீஸ் ரைட் த டிக்கெட்' என்று பணிவாகச் சொல்லப் பழக்குங்கள். அபராதச் சீட்டைக் கட்டுவது செலவு, லஞ்சம் கொடுப்பது குற்றம்.

*

கேள்வி: 'மை கமிட்டி கேம் அவுட்' என்று சந்தோஷமாகச் சொன்னார் பக்கத்துக் கடைக்காரர். எந்தக் கமிட்டி?
– வாசகர், டோங்காட்

பதில்: அவருக்குச் சீட்டு விழுந்திருக்கிறது! பாகிஸ்தானில் சீட்டுக்கு 'கமேட்டி' என்று பெயர். பத்துப் பேர் மாதம் 1,000 ராண்ட் போட்டால் ஒருவர் 10,000 எடுப்பார், பத்து மாதத்தில் சுற்று முடியும். இங்கே அதற்கு 'ஸ்டாக்வெல்' என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிழக்குக் கேப் பகுதியில் நடந்த 'ஸ்டாக் ஃபேர்' மாட்டுச் சந்தைகளிலிருந்து வந்த சொல். 'இட்ஸ் மை டர்ன் இன் த ஸ்டாக்வெல்' என்றால் யாருக்கும் புரியும். 'கமிட்டி' என்றால் கூட்டம் போட்டுப் பேசுகிறவர்கள்.

*

கேள்வி: லே-பை என்பது கிஸ்திதானே?
– வாசகி, வெருலம்

பதில்: தவணை உண்டு, ஆனால் கடைசித் தவணை வரை பொருள் கடையிலேயே இருக்கும். ஹையர் பர்ச்சேஸில் பொருள் முதலில் வீட்டுக்கு வந்துவிடும், வட்டியும் சேரும். லே-பையை நடுவில் கைவிட்டால் கட்டிய பணம் திரும்ப வர வேண்டும். முன்பே சொல்லியிருந்தால் மட்டும் முழு விலையில் 1 சதவீதம் வரை கடை பிடித்துக்கொள்ளலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது, மாணவர்களுக்குச் சொல்லிவையுங்கள்.

*

கேள்வி: 'மார்க்-அப்' என்றதும் எங்கள் கடைப் பையன் 'அது வட்டி, ஹராம்' என்கிறான்.
– வாசகர், டர்பன்

பதில்: அவன் சொல்வதில் காரணம் இருக்கிறது. பாகிஸ்தான் வங்கிகளில் வட்டிக்கு 'மார்க்-அப்' என்று எழுதுவார்கள். கடையில் அது வாங்கிய விலைமேல் வைக்கும் லாபம். 80க்கு வாங்கி 100க்கு விற்றால் மார்க்-அப் 25 சதவீதம். அதே 20 ராண்டை விற்ற விலையோடு ஒப்பிட்டால் 'மார்ஜின்' 20 சதவீதம். அதன்மேல் வாட் 15 சதவீதம் சேர்த்து 115 என்று ஒட்டுகிறீர்கள். 115க்குள் இருக்கும் வாட்டை எடுக்க 115ஆல் வகுத்து 15ஆல் பெருக்க வேண்டும். 115இல் 15 சதவீதம் என்று போட்டால் 17.25 என்று தப்பாக வரும். காகிதத்தில் போட்டுக்காட்டி, வட்டிக்கு 'இன்ட்ரஸ்ட்' என்ற தனிச் சொல் இருப்பதைச் சொல்லுங்கள். அவன் மனம் சமாதானமாக வேண்டியதும் முக்கியம்.

*

கேள்வி: 'ஐ வில் பே யூ ஜஸ்ட் நவ்' என்று போனவர் மூன்று நாளாக வரவில்லை. பையன் 'அபீ', அதாவது இப்போதே, என்று புரிந்துகொண்டு வாசலைப் பார்த்தபடி இருந்திருக்கிறான்.
– வாசகி, இசிப்பிங்கோ

பதில்: தென்னாப்பிரிக்க ஆங்கிலத்தில் 'ஜஸ்ட் நவ்' என்றால் பிறகு எப்போதாவது. 'நவ் நவ்' என்றால் கொஞ்ச நேரத்தில். உடனே என்பதற்கு 'ரைட் நவ்' என்று தனியாகக் கேட்க வேண்டும். கடனாகப் பொருள் கொடுக்கும்போது 'வாட் டே?' என்று கேட்டு, நோட்டில் தேதியும் தொகையும் எழுதி, அவர் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.